மூளையுறைகள்: பெயர் வந்த வழியும் அறிந்த வரலாறும்

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிப் போர்த்தியிருக்கும் சவ்வுகள் மூளையுறைகள் எனப்படும். இவை மூன்று. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் தடித்த வெளியுறை டியூரா மேட்டர். மூளையின் மேடுபள்ளங்கள் எல்லாவற்றிலும் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உள்ளுறை பயா மேட்டர். இவ்விரண்டுக்கும் நடுவில், வெளியுறையின் உட்புறத்தை ஒட்டி, சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு உறை அமைந்துள்ளது. நடு உறைக்கும் உள்ளுறைக்கும் இடைப்பட்ட வெளியில் மூளைத்தண்டுவடத் திரவம் நிறைந்திருக்கிறது.

பத்தாம் வகுப்பில் இதை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். டியூரா என்றால் கடினமானது, பயா என்றால் மென்மையானது, மேட்டர் என்றால் சவ்வு என்று கரும்பலகையில் எழுதிப்போடுவது வழக்கம். ஒருமுறை பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், மெட்டர்னிட்டி வார்டுன்னு சொல்றாங்களே, அந்த மேட்டரா சார் இது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "இல்லம்மா, சவ்வுன்னு எழுதிக்கோ" என்றேன். பணி ஓய்வுக்குப் பிறகு இதைத் தேடிப் படித்தபோதுதான் அவள் கேட்டது சரி, நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. மேட்டர் என்ற லத்தீன் சொல்லுக்குத் தாய் என்றே பொருள். ஒரு சவ்வுக்குத் தாய் என்று ஏன் பெயர் வந்தது என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

எகிப்தும் கிரேக்கமும்

மூளையுறை பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு எகிப்தைச் சேர்ந்தது. 1862 இல் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். அது கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட படி. மூலம் அதைவிடப் பழையது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். 1930 இல் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் இதை மொழிபெயர்த்து வெளியிட்டார். காயம்பட்ட 48 பேரின் நிலை இதில் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக விவரிக்கப்படுகிறது. ஆறாவது நோயாளிக்கு மண்டையோடு நொறுங்கி, உள்ளே இருக்கும் உறையும் கிழிந்திருக்கிறது. உருக்கிய செம்பின் மேல் படியும் சுருக்கங்களைப்போல் மூளை தெரிகிறது என்றும், குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதுபோல் விரலுக்கடியில் துடிக்கிறது என்றும் மருத்துவர் குறிக்கிறார். கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட எவருக்கும் அந்தத் துடிப்பு தெரியும். இறுதியில் இது மருத்துவம் செய்ய இயலாத நோய் என்று முடிவு சொல்லப்படுகிறது.

கிரேக்கர்கள் சவ்வைக் குறித்த சொல் மெனிங்ஸ். இன்றைய மெனிஞ்சஸ், மெனிஞ்சைட்டிஸ் ஆகிய சொற்களுக்கு வேர் இதுதான். ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் தலைக்காயம் பற்றிய நூல் ஒன்று உண்டு. மண்டையோட்டைத் துளையிடும்போது ஒரே மூச்சில் உறைவரை போய்விடக் கூடாது, எலும்பின் கடைசி மெல்லிய ஏட்டை விட்டுவைக்க வேண்டும், துளைக்கும் கருவி சூடாவதால் அதை அடிக்கடி எடுத்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்று அது எச்சரிக்கிறது. உறை கிழிந்தால் ஆள் பிழைப்பது அரிது என்பதை அக்காலத்து மருத்துவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

எலும்பை ஒட்டி வலுவான ஒன்றும், மூளையை ஒட்டி மெல்லிய ஒன்றுமாக இரண்டு உறைகள் உள்ளன என்று அரிஸ்டாட்டில் எழுதினார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ், தடித்த உறைக்குள் இரத்தம் ஓடும் குழிவுகள் பின்மண்டையில் ஒன்றுகூடும் இடத்தைக் கண்டு, அதைத் திராட்சை பிழியும் ஆலைக்கு ஒப்பிட்டார். அவருடைய நூல்கள் அழிந்துபோயின. அந்த இடம் மட்டும் 'ஹெரோபிலஸின் ஆலை' என்ற பெயரில் இன்றும் உடற்கூற்று நூல்களில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன், மாடு, பன்றி, குரங்கு ஆகியவற்றை அறுத்துப் பார்த்து, தடித்த மெனிங்ஸ், மெல்லிய மெனிங்ஸ் என்று தெளிவாகப் பிரித்து எழுதினார். இதுவரை தாய் என்ற சொல் எங்குமே இல்லை.

தாய் வந்த கதை

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இசாக்கும் அவருடைய குழுவினரும் காலனின் நூல்களைச் சிரியாக் மொழிக்கும் அரபுக்கும் கொண்டுவந்தனர். அரபு மொழியில் ஒரு பொருளைத் தன்னுள் அடக்கிக் காக்கும் மற்றொரு பொருளை அதன் 'உம்மு', அதாவது தாய், என்று சொல்வது இயல்பு. மூளையைச் சூழ்ந்த சவ்வு 'உம்மு திமாக்', மூளையின் தாய். இது மருத்துவர்கள் மட்டும் பயன்படுத்திய சொல் அன்று. இசுலாமியச் சட்டத்தில் தலைக்காயங்கள் ஆழத்தை வைத்து வகைப்படுத்தப்படுகின்றன. மூளையின் தாயைத் தொடும் அளவு ஆழமான காயத்துக்கு உயிர்ப்பலிக்கான இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்பது விதி. எனவே தடித்த உறை கடினத் தாய் ஆயிற்று. மெல்லிய உறை மெல்லிய தாய் ஆயிற்று.

பத்தாம் நூற்றாண்டில் பாரசீகத்தைச் சேர்ந்த அலி இப்னு அல்-அப்பாஸ் அல்-மஜூசி என்ற மருத்துவர் 'கிதாப் அல்-மலிக்கி' என்னும் பெருநூலை அரபியில் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் கான்ஸ்டன்டைன் என்ற துறவி இதன் பகுதிகளை லத்தீனில் தந்தார். 1127 இல் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் நூலை முழுமையாக மீண்டும் மொழிபெயர்த்தார். டியூரா மேட்டர், பயா மேட்டர் என்ற பெயர்கள் லத்தீனில் நிலைபெற்றதற்குப் பொதுவாக இவரையே காரணமாகச் சொல்வர். மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல். அரபியின் தாய் லத்தீனிலும் தாயாகவே வந்துவிட்டாள்.

இதில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. அரபிச் சொல்லுக்கு மெல்லிய, தடிப்பில்லாத என்று பொருள். லத்தீன் 'பயா' என்பது பரிவுள்ள, பக்தியுள்ள என்ற பொருளை உடையது. மெல்லிய தாய் பரிவுள்ள தாயாகிவிட்டாள். அது பிழைதான், ஆனால் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் செய்துவருகிறார்கள். யாரும் திருத்த விரும்பியதாகத் தெரியவில்லை.

தமிழில் மேலைமருத்துவத்தைக் கற்பிக்க முனைந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். மாணவர்களின் துணையோடு உடற்கூற்று நூல்களையும் மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். பிற்காலக் கலைச்சொல் பட்டியல்களில் வன்றாயி, மென்றாயி என்ற ஆக்கங்களைக் காணலாம். வன்மை + தாய், மென்மை + தாய். பள்ளிப் பாடத்தில் இவை இடம்பெறாததால் வெளியுறை, உள்ளுறை என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மாணவிக்கு வன்றாயி என்று எழுதிக்கொடுத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

மூன்றாவது உறையும் மறைந்திருந்த நீரும்

1543 இல் வெசாலியஸ் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலில், மண்டையோட்டை அகற்றி உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக உரித்துக் காட்டும் படங்கள் உள்ளன. அவருக்கும் உறைகள் இரண்டுதான். நடு உறை கண்ணாடிபோல் மெல்லியது. மூளையின் மேடுகளில் உள்ளுறையோடு ஒட்டினாற்போல் கிடக்கும். மூளையின் அடிப்பகுதியில் மட்டும் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. 1660களில் ஆம்ஸ்டர்டாமில் ஜெரார்டு பிளேசியஸ் அதைத் தனி உறையாக விவரித்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் பிரெடரிக் ரூயிஷ் அது மூளை முழுவதையும் மூடியிருப்பதைக் காட்டினார். இதற்குத் தாய் என்ற பட்டம் கிடைக்கவில்லை, சிலந்தி வலை என்ற பெயரே கிடைத்தது.

உறைகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் நூறாண்டு ஆயிற்று. ஆவியோ காற்றோ இருக்கிறது என்றே பலர் நம்பினர். 1705 இல் ரோமில் அந்தோனியோ பாக்கியோனி வெளியுறையை ஒட்டிச் சிறு மணிகள்போன்ற முளைகளைக் கண்டார். வெளியுறை ஒரு தசை என்றும், அது சுருங்கி மூளையை அழுத்தி நரம்புகளுக்குள் சாற்றைத் தள்ளுகிறது என்றும் அவர் கருதினார். கண்டது உண்மை, விளக்கம் தவறு. அந்த மணிகளுக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகிறது.

திரவத்தைக் கண்டவர் நேப்பிள்சைச் சேர்ந்த தொமினிக்கோ கொதுன்யோ. 1764 இல், 28 வயதில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் தண்டுவடத்தைச் சுற்றி நீர் இருக்கிறது என்பதைச் சொல்லி, முன்னோர் ஏன் அதைக் காணவில்லை என்பதையும் விளக்குகிறார். அக்காலத்தில் பிணத்தை அறுக்கும்போது முதலில் தலையைத் துண்டித்துத் தனியே எடுத்துவிடுவார்கள். கழுத்து வெட்டுப்பட்ட உடனே நீர் முழுவதும் வழிந்து, மேசையிலிருந்த இரத்தத்தோடு கலந்துபோகும். பிறகு முதுகெலும்பைத் திறந்தால் அங்கே வெற்றிடம்தான். கொதுன்யோ வரிசையை மாற்றினார். கிட்டத்தட்ட இருபது உடல்களில், தலையைத் தொடாமல் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை முதலில் திறந்தார். நீர் வந்தது. புதிய கருவி ஏதும் அவரிடம் இல்லை; வெட்டும் வரிசையை மாற்றியது ஒன்றுதான்.

1820களில் பாரிசில் பிரான்சுவா மஜாந்தி உயிருள்ள விலங்குகளிலும் இந்நீர் இருப்பதைக் காட்டி, மூளைத்தண்டுவடத் திரவம் என்ற பெயரையும் தந்தார். 1824 இல் இலண்டனில் அவர் நாய்கள் மீது நடத்திய செயல்விளக்கங்களுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1875-76 இல் சுவீடனின் ஆக்சல் கீயும் குஸ்தாவ் ரெட்சியசும் நீல நிறச் சாயத்தைச் செலுத்தி, இந்நீர் உறைகளுக்கிடையே ஓடி, பாக்கியோனியின் மணிகள் வழியாக வெளியுறையின் இரத்தக் குழிவுகளில் சேர்வதைப் படங்களோடு நிறுவினர். வளர்ந்தவர் ஒருவரிடம் ஒரு நேரத்தில் இருக்கும் நீர் சுமார் 150 மில்லி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி சுரந்து வெளியேறுகிறது. 1400 கிராம் எடையுள்ள மூளை இந்நீரில் மிதப்பதால் சுமார் 50 கிராம் எடைபோலவே தன் அடித்தளத்தை அழுத்துகிறது.

உறை அழற்சியும் ஊசியும்

தமிழில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல்லால் இரு வேறு நோய்களைக் குறிக்கிறோம். ஒன்று மூளைத் திசுவில் வரும் அழற்சி. மற்றொன்று உறைகளில் வரும் அழற்சி. பின்னது மெனிஞ்சைட்டிஸ். எடின்பரோ மருத்துவர் ராபர்ட் விட் எழுதி, அவர் இறந்தபின் 1768 இல் வெளியான நூல், குழந்தைகளுக்கு வரும் காசநோய் உறை அழற்சியை முதன்முதலில் துல்லியமாக விவரித்தது. நாடித்துடிப்பு முதலில் வேகமாகவும், பின்பு மெதுவாகவும், முடிவில் மீண்டும் வேகமாகவும் செல்வதை அவர் நாள் நாளாகக் குறித்திருக்கிறார். இந்நோய் கண்ட ஒரு குழந்தையைக்கூடத் தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்றும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1805 இல் ஜெனீவாவில் கொள்ளைநோயாகப் பரவிய உறை அழற்சியை வியூசோ விவரித்தார். 1887 இல் வியன்னாவில் வைக்செல்பாம் அதன் கிருமியைக் கண்டறிந்தார்.

உயிரோடிருப்பவரின் உறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி 1891 இல்தான் பிறந்தது. இலண்டனில் வின்டர் என்ற மருத்துவர் உறை அழற்சி கண்ட நால்வருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் சிறு குழாய் செருகி நீரை வடித்துப் பார்த்தார், நால்வரும் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குவின்க்கே, வெட்டாமல் ஊசியால் மட்டுமே துளைத்து நீர் எடுக்கும் முறையை அறிவித்தார். இன்றும் அதுவே வழக்கம்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அந்த அச்சத்தால் பரிசோதனைக்குச் சம்மதிக்காமல் நாள் கடத்திய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். வளர்ந்தவரின் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. உறைப்பையோ அதற்கும் கீழே நெடுந்தூரம் தொடர்கிறது. ஊசி இறங்குவது அந்தக் கீழ்ப்பகுதியில். அங்கே தண்டுவடம் இல்லை, நீரில் மிதக்கும் நரம்பு வேர்களே உள்ளன. ஊசி வரும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். மூளைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தால் மட்டும் நீர் எடுப்பது ஆபத்து. அதனால்தான் மருத்துவர்கள் முன்னதாகச் சில சோதனைகளைச் செய்கிறார்கள்.

1898 ஆகஸ்டில் அதே கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், குவின்க்கேயின் வழியிலேயே கொக்கெய்னைச் செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். நோயாளிகளுக்குச் செய்தபின், தனக்கே செய்து பார்க்க எண்ணி உதவியாளர் ஹில்டெபிராண்டை ஊசி போடச் சொன்னார். ஊசியோடு மருந்துக்குழல் பொருந்தாமல் நீர் கொட்டிப்போனது. பிறகு ஹில்டெபிராண்ட் படுத்துக்கொள்ள, பியர் ஊசி போட்டார். கால் மரத்தது. கிள்ளியும் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியும் பார்த்தார்கள், வலிக்கவில்லை. அன்றிரவு இருவரும் நன்றாக உண்டு குடித்து மகிழ்ந்தனர். மறுநாளிலிருந்து பியருக்குப் பல நாட்கள் எழுந்து உட்கார முடியாத தலைவலி, படுத்தால்தான் நிற்கும். உறையில் விழுந்த துளை வழியாக நீர் கசிவதே காரணம் என்று அவரே ஊகித்தார். இன்று சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் சிலருக்கு வரும் தலைவலியும் இதே வகையைச் சேர்ந்தது. மெட்டர்னிட்டி வார்டுக்கும் டியூரா மேட்டருக்கும் இப்படியும் ஓர் உறவு இருக்கிறது.

குவின்க்கேயின் ஊசி நோயை அறிய மட்டுமல்ல, மருந்து செலுத்தவும் வழியாயிற்று. அமெரிக்காவில் சைமன் பிளெக்ஸ்னர், குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை நேரடியாக உறைகளுக்கிடையே செலுத்தினார். 1913 இல் சுமார் 1300 நோயாளிகள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அதற்குமுன் பத்தில் ஏழெட்டுப் பேரைக் கொன்ற நோயில், சீரம் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே இறந்தனர். 1930களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், அடுத்து பெனிசிலினும் வந்தன. காசநோய் வகைக்கு 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது, ராபர்ட் விட் கைவிட்ட குழந்தைகளில் சிலர் முதன்முறையாகப் பிழைத்தனர். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே குறுக்காகச் செல்லும் நாடுகளில் கொள்ளைநோயாகவே நீடித்த ஏ வகைக் கிருமிக்கு, புனே நகரில் ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவான விலையில் தயாரான தடுப்பூசி 2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் தொடங்கிப் போடப்பட்டது. அந்த வகை நோய் அங்கே ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

உறையில் தோன்றும் கட்டிகளுக்கு மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922 இல் ஹார்வி குஷிங் சூட்டினார். அவை பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை, மெதுவாக வளர்பவை.

மறுபடியும் வெட்டும் வரிசை

1787 இல் இத்தாலியின் பாவுலோ மஸ்காஞி உடல் முழுவதுமுள்ள நிணநீர்க் குழாய்களைப் பற்றி ஒரு பெரிய படநூல் வெளியிட்டார். வெளியுறையிலும் அக்குழாய்கள் இருப்பதாக அவர் சொன்னதைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. மூளைக்கு நிணநீர்க் குழாயே கிடையாது என்பது இருநூறு ஆண்டுகள் பாடமாக இருந்தது. நானும் அப்படித்தான் நடத்தினேன்.

2015 இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனத்தன் கிப்னிசின் ஆய்வகமும், ஹெல்சின்கியில் காரி அலிடாலோவின் ஆய்வகமும் தனித்தனியே சுண்டெலியின் வெளியுறையில் நிணநீர்க் குழாய்களைக் கண்டன. 2017 இல் எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் மனிதரிடமும் அவை காட்டப்பட்டன. வர்ஜீனியாவில் அந்தோயின் லுவோ செய்த வேலை கொதுன்யோவை நினைவுபடுத்துகிறது. வழக்கமாக மூளையை எடுக்கும் அவசரத்தில் மண்டையோட்டையும் அதில் ஒட்டிய உறையையும் கழித்துப் போட்டுவிடுவார்கள். அவர் உறையை மண்டையோட்டுத் துண்டிலேயே விட்டு, அங்கேயே பதப்படுத்தி, பின்பே பிரித்து முழுதாக விரித்துப் பார்த்தார். குழாய்கள் இருந்தன.

2023 சனவரியில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், அரக்னாய்டுக்குக் கீழே நான்காவதாக ஒரு மெல்லிய உறை இருப்பதாக அறிவித்தனர். அது தனி உறை அன்று, அரக்னாய்டின் உள் அடுக்குத்தான் என்று வேறு சிலர் மறுக்கின்றனர். மூளையை வெளியே எடுக்கும்போது அந்த அடுக்கு எந்த இடத்தில் கிழிகிறது, எதோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்பதைப் பற்றியே இந்த வாதத்தின் பெரும்பகுதி நடக்கிறது.